சிக்காகோவா பிட்ஸ்பர்க்கா

ஞாயிறு, 3 நவம்பர் 1991

காலமையில இருந்து மழை. பின்பக்கத்துக் கூரைப் பீலியில இலை அடைச்சுச் சுவரெல்லாம் ஈரம். ஏணி வைச்சு ஏறி அள்ளினன். கை விறைச்சுப்போச்சு. வசந்தி கீழ நிண்டு ஏணியைப் பிடிச்சவள், ஒரு வார்த்தை கதைக்கேல்ல. நேற்றுப் பின்னேரத்தில இருந்து என்ர மனிசி இப்படித்தான்.

இண்டைக்குச் செய்ய இருந்தது: பீலி. காருக்கு ஒயில். குலம் அண்ணைக்கு ரெலிபோன். முதல் ரெண்டும் முடிஞ்சுது.

நேற்று நடந்ததை இப்பவே எழுதவேணும். விட்டால் நாலு நாளில எனக்கு வசதியா மாத்திப்போடுவன்.

இல்ஃபோர்ட்டில மணியம் வீட்டில மத்தியானச் சாப்பாடு. செவ்வாய் தீபாவளி, வேலைநாள், அதால சனிக்கிழமையே கூப்பிட்டவர். மணியம் மலேசியாக்காரர். அமெரிக்காவில நாலு வருசம் படிச்சவர். எங்களுக்கு இந்த அமெரிக்கன் புட்போல் விசரை ஏத்தினதே அவர்தான். எண்பத்தஞ்சில, லண்டனுக்கு வந்த புதிசில, நானும் குலம் அண்ணையும் நோர்பரியில ஒரு அறை, மேல் அறையில அவர். ஞாயிறு பின்னேரம் ரி.வி.யில அந்த ஆட்டம் போகும். எங்களுக்கு ஒண்டும் விளங்காது. மணியம் அவிச்ச கடலையைப் பேப்பரில பதினொண்டு பதினொண்டா அடுக்கி, "இவங்க பந்தைக் கொண்டு போறவங்க, இவங்க தடுக்கிறவங்க. நீங்க தடுக்கிறவங்களை மட்டும் பாருங்க, ஆட்டம் தானா புரியும்" எண்டார். பார்த்தம். புரிஞ்சுது. கடலையையும் சாப்பிட்டு முடிச்சம்.

அண்டையில இருந்து ஆறு வருசமா ஒரே வழக்கு. எல்லாக் காலத்திலயும் பெரிய தடுப்பு எந்த ஊர் அணி, எந்த வருசம்? நான் சிக்காகோ, எண்பத்தஞ்சு. குலம் அண்ணை பிட்ஸ்பர்க், எழுபத்தாறு. நாங்கள் ஒருநாளும் நேரில பார்க்காத பிட்ஸ்பர்க். மணியத்தின்ர பழைய கசற்றும் லைப்ரரிப் புத்தகமும்தான். மணியம் வருசத்துக்கு ஒண்டு மாத்துவார். இந்த வருசம் பிலடெல்பியா.

சாப்பிட்ட பிறகு தொடங்கினது. கு. அண்ணை ஊரில கணக்கு வாத்தியார், இப்ப கடிதம் பிரிக்கிற இடத்தில வேலை. ஆனா வாதிக்கேக்க இப்பவும் கையில சோக் இருக்கிறமாதிரித்தான்.

"முதல் அஞ்சில நாலு தோல்வி. ஆர் எண்டாலும் விட்டிருப்பான். பிறகு ஒன்பது ஆட்டம். ஒன்பதிலயும் வெற்றி. அதில அஞ்சில எதிராளிக்கு ஒரு புள்ளி குடுக்கேல்ல. ஒண்டு!"

"கோப்பை எங்க அண்ணை? அந்த வருசம் கோப்பை எடுக்கேல்லையே."

"கோப்பை வேற, தடுப்பு வேற. பந்தைக் கொண்டு ஓடுறவங்கள் ரெண்டு பேரும் காயம். அதுக்குத் தடுக்கிறவன் என்ன செய்வான்?"

"சிக்காகோ கடைசிக்கு முதல் ரெண்டு ஆட்டத்திலயும் எதிராளிக்குச் சைபர். கடைசியில நாப்பத்தாறுக்குப் பத்து. கதை முடிஞ்சுது."

"சிக்காகோவில எல்லாரும் முன்னுக்குப் பாயிறவங்கள். பின்னுக்கு ஆர் நிக்கிறது? மயாமிக்காரன் அதைப் பிடிச்சுத்தானே வெண்டவன். டேய் யோகன், தடுப்பு எண்டால் தன்ர இடத்தில நிக்கிறது. என்ன வந்தாலும் விட்டிட்டுப் போகாமல் நிக்கிறது. உனக்கு அது விளங்காது. ஸ்ரேசன் கண்ணாடிக்குப் பின்னால இருந்து ரிக்கற் கிழிக்கிற உனக்கு என்ன தெரியும்!"

எல்லாரும் சிரிச்சினம். மணியம், அவற்ற மனிசி, வசந்தி, கு. அண்ணையின்ர மனிசி சரோஜா அக்கா. சும்மா பகிடி. நூறு தரம் சொன்ன பகிடி. நானும் அவரைக் கடிதம் பொறுக்கி எண்டு சொல்லுறனான்.

ஒரு பியர்தான் குடிச்சனான். குடிச்சதால எண்டு சொல்லேலாது.

நான் சொன்னது இதுதான், சொல்லுக்குச் சொல்: "இடத்தில நிக்கிறதைப் பற்றி நீங்களோ அண்ணை கதைக்கிறது? தம்பி ரவியை வீட்டில விட்டிட்டு வேலி பாய்ஞ்சு ஓடின ஆள்."

ஒருத்தரும் சிரிக்கேல்ல. சரோஜா அக்கா கையில கேசரிக் கோப்பையோட, "என்ன யோகன் சொல்லுறீர்? ரவியைப் பிடிக்கேக்க இவர் கொழும்பிலயெல்லோ நிண்டவர்" எண்டா. பிறகு அவரைப் பார்த்தா. அவர் எழும்பிப் போய்த் தன்ர குளிர்க் கோட்டை எடுத்தார்.

அவ்வளவுதான். ரெண்டு நிமிசம்.


திங்கள், 4 நவம்பர்

மழை விட்டிட்டுது, குளிர். ஆறு மணிக்கு ஷிப்ட். கண்ணாடிக்கு வெளியில சனம் வாயசைக்குது, எனக்கு ஒண்டும் ஏறேல்ல. ஒரு மனிசி விக்ரோறியா எண்டு கேக்க வோட்டலூவுக்கு ரிக்கற் குடுத்திட்டன். திருப்பிக்கொண்டு வந்து கத்தினா. அவ சொன்னது நியாயம்.

தேத்தண்ணி நேரம் மோர்டனுக்கு, குலம் அண்ணை வீட்டுக்கு, ரெலிபோன் மூண்டு தரம். மணி அடிக்குது. ஒருத்தரும் எடுக்கேல்ல.

நான் சொல்லியிருக்கக் கூடியவை:
சிக்காகோ அந்த வருசம் முழுக்க ஒரே ஒருக்காத்தான் தோத்தது எண்டு.
கடிதம் பொறுக்கிக்குப் புட்போல் எதுக்கு எண்டு.
ஒண்டும் சொல்லாமல் கேசரியைச் சாப்பிட்டிருக்கலாம்.

குலம் அண்ணை எனக்கு ரவியின்ர கதையைச் சொன்னது எண்பத்தாறு ஓகஸ்ட். சிக்காகோவும் டலஸும் வெம்பிளிக்கு வந்து விளையாடின நாள். நல்ல மழை. ஸ்ரேசனுக்கு நடக்கிற சனத்துக்குள்ள, தொப்பி நனைஞ்சு தண்ணி வடிய வடியச் சொன்னவர். எண்பத்துநாலில ஊரில ஆமியின்ர சுற்றிவளைப்பு. காலமை. வீட்டில அவரும் தம்பி ரவியும் மட்டும். ரவிக்குச் சைக்கிளால விழுந்து காலில பிளாஸ்ரர். இளம் பெடியளைத்தான் பிடிக்கிறாங்கள், முறிஞ்ச காலோட இருக்கிறவனை என்ன செய்யப்போறாங்கள் எண்டு நினைச்சிருக்கிறார். ரவியும், "அண்ணா நீ ஓடு, என்னை விடுவாங்கள்" எண்டிருக்கிறான். இவர் பின்வேலி பாய்ஞ்சார். அவங்கள் ரவியைக் கொண்டுபோனாங்கள். பிறகு தகவல் இல்லை.

நேற்று முந்தினம் நான் பிளாஸ்ரரைச் சொல்லேல்ல. "நீ ஓடு" எண்டு ரவி சொன்னதையும் சொல்லேல்ல. ரெண்டும் எனக்குத் தெரியும். விட்டிட்டுச் சொன்னன்.


புதன், 6 நவம்பர்

நேற்றுத் தீபாவளி. கோயிலுக்குப் போகேல்ல. வசந்தி இண்டைக்குத்தான் வாய் திறந்தாள், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு.

"ஆரிட்டயும் சொல்லாதை எண்டு உங்களிட்ட கேட்டவரோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்ல?"

"கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சிருப்பார்."

வெங்காயம்தான் எண்டு நினைக்கிறன், கண்ணைத் துடைச்சாள்.

பின்னேரம் மணியம் எடுத்தார். "என்னாப்பா யோகன், ஆட்டத்தைப் பத்திப் பேசினா ஆட்டத்தோட நிக்கணும்லா. சரோஜா எங்கிட்ட போன் போட்டுக் கேக்குது, உனக்குத் தெரியுமா, எல்லாருக்கும் தெரியுமான்னு. எனக்குச் சத்தியமா தெரியாதுன்னு சொன்னேன். நீ போய் அவர் காலைப் பிடி. போன்ல வேணாம், நேர்ல போ."

போறன் எண்டன்.

சரோஜா அக்காவை கு. அண்ணை கலியாணம் முடிச்சது எண்பத்தேழில, இங்க. ரவியை அவவுக்கு ஊரிலயே தெரியும். பள்ளிக்கூடத்தில அவவுக்கு ரெண்டு வகுப்புக் கீழ படிச்சவன். கு. அண்ணையின்ர தாய் ஊரில இருந்து எழுதுற ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதுறது அவதான். காணாமல் போனவையைப் பதிவு செய்யிற ஒரு வெளிநாட்டு அமைப்புக்கும் நாலு வருசமா எழுதுறா எண்டு தெரியும். அதைப்பற்றி நான் அவவிட்ட ஒருநாளும் விசாரிச்சதில்லை. அவ எழுதேக்க நாங்கள் முன் அறையில ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தம்.


சனி, 9 நவம்பர்

வெயில், ஆனா காத்து. மோர்டனுக்குத் தனியப் போனன். வசந்தி வரேல்ல எண்டிட்டாள். "பிழை விட்டது நீங்கள், நான் ஏன் பின்னால நிக்க?"

சரோஜா அக்கா கதவு திறந்தா. திட்டுவா எண்டு ஆயத்தமாப் போனன். "வாரும்" எண்டு சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மேசை முழுக்கக் கடிதம். கட்டுக்கட்டா, திகதிப்படி.

ஒண்டை எடுத்து வாசிக்கச் சொன்னா. இங்கிலீசில இருந்தது. சம்பவத்தைக் கண்ணால் கண்ட ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் அனுப்பவும், இல்லாவிட்டால் மேற்கொண்டு விசாரிப்பது கடினம் எண்டு. இன்னொண்டு. அதுவும் அதுதான். அஞ்சு கடிதத்தில அதே வசனம்.

"நாலு வருசமா ஒரு சாட்சி கேக்கினம் யோகன். நான் ஊரில அயலட்டை முழுக்க எழுதிக் கேட்டன். எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருந்தவையாம். ஒருத்தரும் காணேல்லையாம். சாட்சி என்ர வீட்டுச் சோபாவில இருந்து பந்தடி பார்த்துக்கொண்டிருந்திருக்கு."

"அக்கா, அவர் ஓடினவர் எண்டுதான் எனக்குச் சொன்னவர். கண்டவர் எண்டு எனக்கு…"

"கண்டவர். அடுத்த வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நிண்டு முழுக்கக் கண்டவர். அது உமக்கும் சொல்லேல்ல. திங்கட்கிழமை எனக்குச் சொன்னார்."

அவ அழேல்ல. கடிதங்களைத் திரும்பத் திகதிப்படி அடுக்கினா.

கு. அண்ணை மேல இருந்து இறங்கி வந்தார். சவரம் செய்யேல்ல. "வாங்கோ, இருங்கோ" எண்டார்.

ஆறு வருசமா "டேய்". "நீ". "எங்கயடா போனனீ". ஒருநாளும் "வாங்கோ" இல்லை. அவர் என்னைவிட மூண்டு வயசு மூப்பு. நான் அவருக்கு "நீங்கள்", அவர் எனக்கு "நீ". அதுதான் சரி. இண்டைக்கு நான் அந்நியன்.

"அண்ணை, நான் சொன்னது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்கள் பொய் ஒண்டும் சொல்லேல்லையே."

சரோஜா அக்காதான் கேட்டா. நான் ஊரில ரெண்டு வருசம் நீதிமன்றத்தில மொழிபெயர்ப்பு வேலை செய்தனான். வாக்குமூலம் எப்படி எழுதுறது எண்டு தெரியும். "இவர் தமிழில சொல்லட்டும். நீர் எழுதி இங்கிலீசில போட்டுத் தாரும். வெளியில ஒருத்தரிட்டயும் இதைக் கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. உமக்குத் தெரிஞ்சதுதானே."

கு. அண்ணை சன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு, "அவருக்கு வசதி எண்டால்" எண்டார்.

வசதி எண்டன்.


வியாழன், 14 நவம்பர்

கடைசி ஷிப்டை மாத்திக்கொண்டு பின்னேரம் மோர்டன். முதல் நாள் எழுத்து. ஒன்றரைப் பக்கம்.

சரோஜா அக்கா கேள்வி கேக்கிறா, அவர் மறுமொழி, நான் எழுதுறன். நீதிமன்றத்தில மாதிரியே. அங்க ஆரோ ஒருத்தன்ர அலுவல். மத்தியானம் சாப்பிடப் போகலாம்.

என்ன உடுப்பு? நீலச் சாரம், வெள்ளை பெனியன். எத்தினை பேர்? ஆறு, வாகனத்துக்குள்ள இன்னும் ரெண்டு. வாகனம்? பச்சை ட்ரக், பின்கதவு ஒரு பக்கம் நெளிஞ்சு. அடிச்சவங்களோ? இல்லை.

ஊன்றுகோல் வாசலடியில விழுந்திட்டுதாம். ஒருத்தன் குனிஞ்சு எடுத்து ரவியின்ர கையில குடுத்திருக்கிறான். "அதைக் கண்டிட்டு, கெதியா விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்" எண்டார். அதால தொட்டிக்குப் பின்னாலயே நிண்டாராம்.

வீட்டை வந்தும் எனக்கு அந்தக் குனிஞ்சவன்தான் கண்ணுக்குள்ள.

வ. கேட்டாள், எப்படி எண்டு. போகுது எண்டன்.


சனி, 16 நவம்பர்

திரும்ப மழை. வடக்கு ரயில் பாதையில ஏதோ தடை, ஒரு மணித்தியாலம் பிந்திப் போனன். அவர் மேசையடியில ஆயத்தமா இருந்தார். தேத்தண்ணி எனக்கும் வைச்சிருந்தது, மூடி போட்டு. ஆர் வைச்சது எண்டு தெரியேல்ல.

ஓரிடத்தில நிண்டம். "பின்வேலியால்" எண்டதுக்குப் பிறகு என்ன சொல் போடுறது. நான், "'வெளியேறினேன்' எண்டு போடட்டோ அண்ணை? சட்டத்துக்கு அதுவும் காணும்."

"'ஓடினன்' எண்டு போடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுத்தானே."

கோவமாச் சொல்லேல்ல. ஒரு கணக்கைத் திருத்திற மாதிரிச் சொன்னார். போட்டன்.

பிறகு சரோஜா அக்கா கேட்டா, "ரவி உங்களைக் கூப்பிட்டவனோ?"

நான் பேனையை மூடி வைச்சன், பிறகு திறந்தன்.

"கூப்பிடேல்ல. நான் தொட்டிக்குப் பின்னால நிக்கிறது அவனுக்குத் தெரியும். என்ர தலையைக் கண்டவன். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ட்ரக்கில ஏத்தும் வரைக்கும் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டவன்."

சரோஜா அக்கா எழும்பி அவற்ற தோளில கை வைச்சா. ரெண்டு கிழமையில அவ அவரைத் தொட்டதை இண்டைக்குத்தான் கண்டன். நான் என்ர பேப்பரைப் பார்த்தன். இங்கிலீசில அது சின்ன வசனம். அதில நிண்டு கன நேரம் மினைக்கெட்டன்.

வெளிக்கிடேக்க வாசலில, "சரோஜாவுக்கு நான் இதைச் சொல்லியிருக்க மாட்டன். ஒருநாளும்" எண்டார். அது எனக்கு நன்றியோ, குற்றச்சாட்டோ? கேக்கத் துணிவில்லை. கதவு சாத்திட்டுது.

இதை இங்க எழுதலாம், ஆரும் வாசிக்கப்போறதில்லை: நான் செய்ததால ஒரு நல்லது நடந்தது எண்டு நினைச்சு ரயிலில கொஞ்சம் சந்தோசப்பட்டன். ரெண்டு ஸ்ரேசன். பிறகு வெக்கமாய்ப் போச்சு. நான் அதுக்காகச் சொல்லேல்ல. ஒரு பகிடிக்குத் தோக்கக்கூடாது எண்டு சொன்னது.


செவ்வாய், 19 நவம்பர்

லீவு நாள். பழைய ரைப்ரைற்றருக்கு ரிபன் வாங்கினன். e எழுத்து கொஞ்சம் மேல ஏறி விழுகுது. மூண்டு பக்கம். நாலு பிரதி.

வ. வாசிச்சாள். முழுக்க வாசிச்சிட்டு, "இவ்வளவையும் அந்த மனிசன் ஏழு வருசம் வைச்சுக்கொண்டிருந்ததோ" எண்டாள். பிறகு, "நீங்கள் வடிவா எழுதியிருக்கிறியள்." எனக்கு அது கேக்க விருப்பமில்லை.

பிரதிகளைத் தபாலில போட்டன். சரி பார்த்துச் சொல்லச் சொல்லிச் சின்னத் துண்டு வைச்சன். "அன்புள்ள குலம் அண்ணைக்கு" எண்டு எழுதி, வெட்டி, "குலம் அண்ணைக்கு" எண்டு எழுதி, கடைசியில முதலாவதையே வைச்சன்.


வெள்ளி, 22 நவம்பர்

மூக்கடைப்பு. வேலை.

மணியம் எடுத்தார். பிலடெல்பியா பற்றி. "ஓடவும் விடமாட்டேங்குறாங்க, எறியவும் விடமாட்டேங்குறாங்க. தாக்குற பக்கம் ஒண்ணுமில்ல, தடுக்கிற பக்கம் மட்டும் வச்சே ஜெயிக்கிறாங்க. உன் சிக்காகோவை விடப் பெருசு. என்ன சொல்ற?"

"ஓம், இருக்கலாம்."

"என்னப்பா, ஒத்துக்கிறியா?"

"ஓம்."

"சண்டை போட மாட்டியா?"

மூக்கடைப்பு எண்டன். அவருக்கு ஏமாற்றம். இனி மூண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறது இல்லையா எண்டு கேட்டார். அது என்ர கையில இல்லை எண்டன்.


ஞாயிறு, 24 நவம்பர்

வானம் மப்பு. மழை இல்லை. காலமை காரைக் கழுவினன். வ. தமக்கை வீட்டை போயிட்டாள்.

பின்னேரம் ஆட்டம் தொடங்கிற நேரம். ரி.வி. போட்டன், சத்தத்தைக் குறைச்சு வைச்சன். ரெலிபோன் அடிச்சுது.

கு. அண்ணை. மூண்டு கிழமைக்குப் பிறகு அவரா எடுத்தது.

"ரெண்டாம் பக்கத்தில ஒரு பிழை. ரவிக்கு இருபத்தொரு வயசு எண்டு போட்டிருக்கிறியள்."

"நீங்கள் சொன்ன பிறந்த வருசத்தைக் கழிச்சுப் போட்டனான் அண்ணை."

"வருசம் சரி. பிறந்தநாள் வர இன்னும் ரெண்டு கிழமை இருந்தது. அண்டைக்கு அவனுக்கு இருபது."

"ஓம். திருத்துறன்."

அவற்ற பக்கத்தில ரி.வி. சத்தம் கேட்டுது. அதே ஆட்டம். என்ர படத்தில ஆக்கள் குவிஞ்சு விழ, அவற்ற ரெலிபோனுக்குள்ளால சனம் கத்திச்சுது. அவருக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ரெலிபோனை வைக்கேல்ல. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது, ஒரு தடவை பந்து கைமாறும் வரைக்கும்.

"நாளைக்கு வேலைக்குப் போகேக்க கொண்டு வரட்டோ அண்ணை?"

"கதவில இருக்கிற கடிதத் துவாரத்துக்கால போட்டுவிடுங்கோ. மணி அடிக்கத் தேவையில்லை."

வைச்சிட்டார்.

ரி.வி.யை நிப்பாட்டினன். ஒரு சொல்லைச் சுரண்டி மாத்தலாம், ஆனா இந்தக் கடதாசியில அது வேண்டாம். ரெண்டாம் பக்கம் முழுக்கத் திரும்ப அடிச்சன், நாலு பிரதி. வயது: இருபது.